உதடு குறுகுறுக்கும் முதல் நாள்

நாகஸ்வரம் வாசிக்கிறவர்களுக்கு எந்த உறுப்பு முக்கியம் என்று கேட்டால் எல்லாரும் நுரையீரலைச் சொல்வார்கள். நான் உதட்டைச் சொல்வேன். நெஞ்சில் எவ்வளவு காற்று இருந்தாலும் அது வாயில் வைக்கும் சீவாளிக்குள் போவது இரண்டு உதடுகளின் பிடிமானத்தில்தான். அந்த உதட்டோரத்தில் கடுகளவு நீர்க்கொப்புளங்கள் நாலைந்து கொத்தாகக் கிளம்பிவிட்டால் பிடிமானம் போய்விடும். மேல் பஞ்சமத்தைத் தொட உதட்டை இறுக்கினால் கொப்புளம் உடைந்து நீர் கசியும். எரிச்சல் மூக்கு வரைக்கும் ஏறும். வாத்தியார் கையை உயர்த்திக் கெட்டிமேளத்துக்குச் சாடை காட்டும் நேரத்தில், உதடு எரிகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று யாரிடம் சொல்ல முடியும்?

மயிலாடுதுறைப் பக்கம் அப்பாவிடம் நாயனம் கற்றுக்கொண்டவள் நான். இப்போது கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வாசிக்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். இந்த உதட்டுக் கொப்புளம் சின்ன வயதிலிருந்தே எனக்கு வந்து போகிறது. வரும்போதெல்லாம் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தூக்கத்தில் பல்லி மூத்திரம் பெய்துவிட்டது என்பார் அப்பாயி. ஏதோ பூச்சி ஊர்ந்திருக்கிறது என்பார் அப்பா. எல்லாம் உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளி என்பார் தவில்கார மாமா. காய்ச்சலுக்குப் பின்னால் வந்தால் மட்டும் வீட்டில் ஒரு நிம்மதி: "காய்ச்சல் வெளிய வந்துடுச்சு, இனிமே பயமில்ல."

இந்தக் காரணங்களையெல்லாம் ஒருநாள் எங்கள் தோல் டாக்டரம்மாவிடம் ஒப்பித்தேன். சிரித்துக்கொண்டே கேட்டவர், "பல்லி மேல பழி போடாதீங்கம்மா. இது ஒரு வைரஸ். உங்க உடம்புக்குள்ளயே இருக்கு, நேரம் பார்த்து வெளிய வருது. முழுசா விரட்ட முடியாது. ஆனா முதல் நாளே கவனிச்சா அடக்கி வைக்கலாம்" என்றார். அந்த முதல் நாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

உலகில் மூன்றில் இரண்டு பேரிடம்

கிருமியின் பெயர் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், முதல் வகை. பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்க வேண்டாம். ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடி பேரிடம், அதாவது 64 விழுக்காட்டினரிடம் இது இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோருக்கு உதட்டில் ஒரு கொப்புளம்கூட வந்திருக்காது. தங்களிடம் கிருமி இருப்பது தெரியாமலேயே வாழ்ந்து முடித்துவிடுவார்கள்.

இந்த முதல் வகை பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வந்து சேர்கிறது. அத்தை கொடுத்த முத்தமோ, அண்ணன் வாய் வைத்த கரண்டியோ போதும். சில குழந்தைகளுக்கு முதல் தொற்று கடுமையாக இருக்கும். காய்ச்சல் அடிக்கும், ஈறு சிவந்து வீங்கும், வாய்க்குள் புண் புண்ணாக வரும், எச்சில் வடியும். தண்ணீர்கூட விழுங்க மாட்டேன் என்று குழந்தை அழும். அந்தச் சமயத்தில் பெரிய ஆபத்து நீர் வற்றிப்போவதுதான். சிறுநீர் குறைந்து குழந்தை சோர்ந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வேறு சில குழந்தைகளுக்கு இந்த அறிகுறி எதுவுமே இருக்காது.

முதல் தொற்று ஆறிய பிறகு கிருமி வெளியேறுவதில்லை. தோலில் உள்ள நரம்பு நுனி வழியாக உள்ளே ஏறி, காதுக்கு நேராக மண்டையோட்டின் அடிப்பகுதியில் இருக்கும் ஒரு நரம்பு முடிச்சில் போய்த் தங்கிவிடுகிறது. முகத்தின் தொடு உணர்ச்சி முழுவதும் மூளைக்குப் போவது இந்த முடிச்சின் வழியாகத்தான். இதிலிருந்து மூன்று கிளைகள் பிரிகின்றன: ஒன்று கண், நெற்றிப் பக்கம், ஒன்று மேல் தாடை, ஒன்று கீழ் தாடை. நரம்பு உயிரணுவுக்குள் கிருமி பெருகாமல் அசையாமல் கிடக்கிறது. அந்த நிலையில் நம் எதிர்ப்பு சக்திக்கும் அது தட்டுப்படாது, மருந்துக்கும் எட்டாது.

கிருமி நரம்பு முடிச்சில் தங்கக்கூடும் என்று அமெரிக்க நோயியலாளர் எர்னஸ்ட் குட்பாஸ்ச்சர் 1920களின் இறுதியிலேயே ஊகித்தார். ஸ்டீவன்ஸ், குக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1971இல் எலிகளின் நரம்பு முடிச்சுகளில் அதைக் காட்டினார்கள். மனிதர்களின் முடிச்சிலும் அது இருப்பது அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தெரிந்தது. எனக்கு ஒவ்வொரு முறையும் மேலுதட்டின் இடது ஓரத்திலேயே ஏன் வருகிறது என்பதற்கும் இதுவே விடை. கிருமி போன நரம்பு வழியாகவே திரும்பி இறங்குகிறது.

எழுப்பிவிடுவது எது?

காய்ச்சல், கடும் வெயில், தூக்கமின்மை, மன அழுத்தம், மாதவிலக்கு, உதட்டில் படும் காயம், பல் சிகிச்சை, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துகள் ஆகியவை கிருமியை எழுப்பக்கூடியவை. பட்டியலை டாக்டரம்மா சொல்லச் சொல்ல எனக்கு வைகாசி மாதம்தான் கண்முன் வந்தது. விடிகாலை முகூர்த்தம், அதற்கு முந்தின ராத்திரி ஜானவாசம், மறுநாள் வேறு ஊரில் வீதியுலா. சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசித்துக்கொண்டு நாலு வீதியும் வெயிலில் நடக்க வேண்டும். சீவாளியின் விளிம்பு உதட்டின் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் உரசும். இதற்கு நடுவில் மாதவிலக்கும் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எல்லாருக்கும் எல்லாக் காரணமும் பொருந்தாது. சிலருக்குக் காய்ச்சல் மட்டும், சிலருக்கு வெயில் மட்டும். எது வந்த பிறகு வருகிறது என்று நாள்காட்டியில் குறித்துக்கொண்டே வந்தால் உங்களுடைய காரணம் உங்களுக்கே பிடிபடும்.

மாமா சொன்ன சூட்டில் பாதி உண்மை இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் உதட்டுத் தோலின் எதிர்ப்பைத் தற்காலிகமாகக் குறைத்துவிடுகிறது. எண்ணெய்க் குளியலால் அதைத் தடுக்க முடியாது. எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் குறிப்பிட்ட உதட்டுப் பூச்சு மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. வீதியுலாவுக்குப் புறப்படும் முன் அதைப் பூசிக்கொள்கிறேன். வாசித்து வாசித்து அது அழிந்துவிடுவதால் தவில் தனி ஆவர்த்தனம் ஓடும்போது மறுபடி ஒரு தடவு. காய்ச்சல் வெளியே வந்துவிட்டது என்ற நிம்மதிக்கும் இப்போது காரணம் தெரிகிறது. காய்ச்சல்தான் கிருமியை எழுப்பியது. கொப்புளம் தெரிவதற்குள் காய்ச்சல் தணிந்திருக்கும். ஒன்று வந்தது, ஒன்று போனது. நாம் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டோம்.

அந்த முதல் நாள்

கொப்புளம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே உதடு சொல்லிவிடும். ஒரே இடத்தில் குறுகுறுப்பு, இழுப்பு, லேசான எரிச்சல் அல்லது மதமதப்பு. ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை இப்படி இருக்கும். பிறகு சிவந்து தடிக்கும், நீர்க்கொப்புளங்கள் கொத்தாக வரும், உடைந்து புண்ணாகும், மஞ்சள் பொருக்குத் தட்டி, அது உதிர்ந்து ஆறும். மொத்தம் ஏழிலிருந்து பத்து நாள். வழக்கமாகத் தழும்பு இருக்காது. உடைந்து நீர் வடிகிற கட்டத்தில்தான் பிறருக்கு அதிகம் தொற்றும்.

மருந்து வேலை செய்வது கிருமி பெருகிக்கொண்டிருக்கும்போது மட்டும். பொருக்குத் தட்டுவதற்குள் பெருக்கம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பது நம் உடம்பு புண்ணை ஆற்றும் வேலை. மூன்றாம் நாள் களிம்பு வாங்கிப் பூசினால் பெரிய பலன் கிடைக்காதது இதனால்தான்.

நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும் அசைக்ளோவிர் என்ற பெயர் பலருக்குப் பழக்கமாக இருக்கும். இந்த மருந்துக்குப் பின்னால் ஒரு பெண்மணி இருக்கிறார்: கெர்ட்ரூட் எலியன். 1918இல் நியூயார்க்கில் பிறந்தவர். தாத்தா புற்றுநோயில் இறந்ததைப் பதினைந்து வயதில் பார்த்து, மருந்து கண்டுபிடிக்கும் துறைக்குப் போவதென்று முடிவெடுத்தார். வேதியியல் படித்தும் பெண் என்பதால் ஆய்வகங்களில் வேலை கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார். 1944இல் பரோஸ் வெல்கம் மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவருடைய குழுவினரும் ஹோவர்ட் ஷேஃபரும் சேர்ந்து உருவாக்கியதுதான் அசைக்ளோவிர். முறையான முனைவர் பட்டப் படிப்பை முடிக்காமலேயே 1988இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை இருவரோடு பகிர்ந்துகொண்டார்.

மருந்தின் சாமர்த்தியம் இதில்தான் இருக்கிறது. கிருமி பெருக வேண்டுமானால் தன் மரபுச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் படியெடுக்க வேண்டும். அசைக்ளோவிர் அந்தக் கண்ணிகளில் ஒன்றைப் போலவே இருக்கும், ஆனால் அடுத்ததைப் பிடிக்கும் பகுதி அதில் கிடையாது. பூச்சரம் தொடுக்கும்போது காம்பில்லாத பூவைக் கையில் கொடுத்துவிட்டால் எப்படி மேலே கட்ட முடியாதோ அப்படி, சங்கிலி அங்கேயே நின்றுபோகிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. மருந்துக்கு வீரியம் ஏற்றி முதல் அடி எடுத்து வைப்பது கிருமியே தயாரிக்கும் ஒரு நொதி. கிருமி இல்லாத உயிரணுவில் மருந்து கிட்டத்தட்டச் சும்மா இருந்துவிடும். அதனால்தான் பக்க விளைவு குறைவு.

இவ்வளவு சாமர்த்தியமான மருந்தாலும் உதட்டில் மிச்சமாகும் நேரம் ஏறத்தாழ ஒரு நாள்தான். குறுகுறுப்பிலேயே தொடங்கி, 5 விழுக்காடு களிம்பை ஒரு நாளைக்கு ஐந்து முறை வீதம் நாலைந்து நாள் பூசினால் அரை நாளோ ஒரு நாளோ முன்னதாக ஆறும். மாத்திரை இன்னும் வசதி. வாலசைக்ளோவிர் என்றால் பெரியவர்களுக்கு 2 கிராம், பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம், அவ்வளவோடு முடிந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. எனக்கு டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். மாத்திரையை வாங்கி, மாற்றுச் சீவாளிகள் இருக்கும் பையிலேயே வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திருவாரூர்ப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் உதடு குறுகுறுத்தால், கடை திறக்கும் வரை காத்திருக்க முடியாது.

அடிக்கடி, அதாவது வருடத்துக்கு ஆறு முறை அல்லது அதற்கு மேல் வருகிறவர்களுக்குத் தினமும் குறைந்த அளவு மாத்திரை கொடுத்து அடக்கி வைப்பதுண்டு. பெரிய பல் சிகிச்சை, முகத்தில் லேசர் சிகிச்சை போன்றவற்றுக்கு முன்பாகச் சிலருக்கு முன்கூட்டியே கொடுப்பார்கள். தடுப்பூசி இன்னும் வரவில்லை.

எல்லா வைத்தியத்துக்கும் பேர் கிடைக்கும் நோய்

சுண்ணாம்பு, பற்பசை, மாசிக்காய், நெய், தேன் என்று ஊரில் சொல்லாத வைத்தியம் இல்லை. எங்கள் பக்கத்தில் அக்கி என்று சொல்லிக் குயவர் வீட்டுக்கு அழைத்துப்போய்க் காவி எழுதுவதும் உண்டு. உண்மையான அக்கி வேறு. அது சின்னம்மைக் கிருமி பிற்காலத்தில் எழும்பி வருவது. இதே குடும்பம்தான், ஆனால் தனிக் கிருமி. எதை எழுதினாலும் பூசினாலும் பத்தாம் நாள் உதடு ஆறிவிடும். தானாக ஆறும் நோயில் கடைசியாகக் கை வைத்தவருக்குப் பேர் போய்ச் சேர்கிறது.

நியூசிலாந்து மருந்துக் கடைகளில் 952 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. பாதிப் பேருக்கு அசைக்ளோவிர் களிம்பு, மீதிப் பேருக்கு மருந்துத் தரத்தில் தயாரித்த ஒருவகைத் தேன். ஆற ஆன நாள் களிம்புக்காரர்களுக்கு எட்டு, தேன்காரர்களுக்கு ஒன்பது. சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. தேனின் பெருமை என்று எடுத்துக்கொள்வதைவிட, களிம்பின் எல்லை இவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்வது பொருத்தம்.

சுண்ணாம்பும் பற்பசையும் புண்ணை இன்னும் ரணமாக்கும். ஊசியால் குத்தி நீரை எடுத்தால் கிருமி பக்கத்தில் பரவும். எல்லாவற்றையும்விட மோசமானது, கடையில் "ஏதாவது ஆயின்மென்ட் குடுங்க" என்று கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. சிவப்பு குறைவதுபோல் தெரியும். கிருமிக்குத் தடையே இல்லாமல் போய்விடும். வலிக்குப் பாராசிட்டமால், துணியில் சுற்றிய ஐஸ், வெடிக்காமலிருக்கக் கொஞ்சம் வாசலின் போதும். ஆறும் வரை ஊறுகாயையும் காரத்தையும் தள்ளி வையுங்கள்.

வாயில் வரும் எல்லாப் புண்ணும் இந்தக் கிருமியால் வருவதல்ல. கன்னத்தின் உட்பக்கமும் நாக்கிலும் வரும் வெள்ளைக் குழிப்புண் பெரும்பாலும் வேறு, அது தொற்றாது. வாயின் இரு கோடியிலும் தோல் வெடிப்பதற்கு பி வைட்டமின் குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, பூஞ்சை என்று பல காரணங்கள் இருக்கலாம். எங்கள் தொழிலில் வெற்றிலைச் செல்லம் கூடவே வரும், பலர் புகையிலையும் சேர்த்துப் போடுவார்கள். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத உதட்டுப் புண்ணைக் கொப்புளம் என்று விட்டுவிடக் கூடாது. புற்றுநோயா என்று பார்த்தே தீர வேண்டும்.

யாரைக் காக்க வேண்டும்

பெரியவர்களுக்கு இது பத்து நாள் தொல்லை. பச்சைக் குழந்தைக்கு உயிராபத்து. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு இந்தக் கிருமி போனால் மூளையையும் ஈரலையும் தாக்கலாம். குழந்தை பார்க்கப் போகிறவர்கள் உதட்டில் புண்ணோ குறுகுறுப்போ இருந்தால் முத்தம் கொடுக்கவே கூடாது. போகாமலிருப்பது இன்னும் நல்லது. தென்பாண்டிப் பக்கம் பிறந்த குழந்தையின் நாக்கில் பெரியவர்கள் விரலால் சேனை தொட்டு வைக்கும் வழக்கமும் இருக்கிறது. உதட்டைத் தொட்ட விரல் குழந்தையின் வாய்க்குள் போவதை நினைத்துப் பாருங்கள். தேனைத் தொட்டு வைப்பது இந்தக் கிருமி இல்லாவிட்டாலும் ஒரு வயது வரை ஆபத்துதான். தாய்க்கே கொப்புளம் வந்தால் பயந்துகொண்டு பாலை நிறுத்த வேண்டாம். மார்பில் புண் இல்லாத வரை பால் கொடுக்கலாம். முகமூடி போட்டு, கையைச் சோப்பால் கழுவி, ஆறும் வரை முத்தம் கொடுக்காமலிருந்தால் போதும்.

கரப்பான் இருக்கும் குழந்தைகளுக்குத் தோல் முழுவதும் பரவலாம். புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்கும் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கும் கடுமையாக வரும். புண்ணைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கக் கூடாது. கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். கையிலிருக்கும் பழைய சொட்டு மருந்தை விட வேண்டாம், அதில் ஸ்டீராய்டு இருந்தால் பார்வையே கெடும். காய்ச்சலோடு குழப்பமான பேச்சு, வலிப்பு வந்தால் அவசர சிகிச்சை தேவை. மிக அரிதாக இந்தக் கிருமி மூளையைத் தாக்குவதுண்டு.

கணவன் மனைவிக்கிடையிலும் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். புண் ஆறும் வரை முத்தமும் வாய்வழி உறவும் கூடாது. உதட்டிலிருக்கும் முதல் வகை பிறப்புறுப்புக்கும் தொற்றும். கொப்புளம் இல்லாத நாளிலும் எச்சிலில் சில சமயம் கிருமி வரும் என்பதால், யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கணக்குப் பார்ப்பதில் பொருளில்லை. சந்தேகமும் சண்டையும் இதற்கு வேண்டாத விளைவுகள்.

தண்ணீரை அண்ணாந்து குடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதைக் கொப்புள நாட்களில் விடாமல் கடைப்பிடிக்கலாம். துண்டு, உதட்டுப் பூச்சு, பல் துலக்கும் பிரஷ் தனித்தனியாக இருக்கட்டும். கிருமியின் மேல் கொழுப்புறை இருப்பதால் சாதாரணச் சோப்பிலேயே அழியும். எங்களுக்குத்தான் சிக்கல்: நாணலில் செய்த சீவாளியைச் சோப்புப் போட்டுக் கழுவினால் நாதம் கெடும். பிள்ளைகளின் சீவாளி சரியாகப் பேசுகிறதா என்று குருமார்கள் தங்கள் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பது பரம்பரை வழக்கம். அதை நான் விட்டுவிட்டேன். என் மாணவர்கள் ஒருவர் சீவாளியை மற்றவர் வாயில் வைப்பதும் இல்லை.

அவர்களுக்கு ஒரு விதி சொல்லியிருக்கிறேன். உதடு குறுகுறுத்தால் வெட்கப்படாமல் வந்தவுடன் சொல்லிவிட வேண்டும். கேலி செய்கிறவனுக்கு அன்று பாடம் கிடையாது. குறுகுறுத்தவன் நாயனத்தைத் தொட வேண்டாம், வீட்டுக்கும் போக வேண்டாம். உட்கார்ந்து கீர்த்தனையை வாயால் பாடட்டும். நாயனத்தில் எதுவும் முதலில் பாடிப் பாடம் பண்ணித்தான் வர வேண்டும்; அதற்கு நேரம் கிடைக்கவில்லை என்று சொல்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பத்து நாள் போதும்.